பொட்டு வச்ச வாஷிங் மெஷின்

ஒரு ஊர்ல ஒரு வாஷிங் மெஷின் இருந்துச்சாம். சிரிக்காத. ராஜா கதை வேணும், நரி கதை வேணும்னா உங்கப்பனைப் போய்க் கேளு. பெரியம்மாவுக்கு இன்னைக்கு இருக்குற கோவத்துக்கு இந்தக் கதைதான் வரும். படு. போர்வையை இழுத்துக்கோ. நான் சொல்லச் சொல்ல நீ 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா நீ தூங்கிட்டன்னு நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன்.

"ம்."

ஆங். அந்த மெஷின் கோமதின்னு ஒரு பொண்ணுக்குச் சீரா வந்தது. கட்டில், பீரோ, மிக்ஸி, கிரைண்டர், அதோட கூட இதுவும். முன்பக்கம் வட்டமா கண்ணாடிக் கதவு வச்சது. கோமதியோட அப்பா கடை கடையா ஏறி இறங்கி, நல்லா விசாரிச்சு, மகள் கை சோப்புத் தண்ணியிலயே ஊறிக் கிடக்கக் கூடாதுன்னு வாங்கிக் குடுத்தாரு. அது மாப்பிள்ளை வீட்டு வாசல்ல வந்து இறங்குச்சு. இறங்குன அந்த நிமிஷத்துலேர்ந்து அது கோமதியோடது இல்ல. மாமியாரோடது ஆயிப்போச்சு.

மாமியார் பேரு சொர்ணம். மெஷினை மாட்ட வந்த ஆளு அவசரத்துல இருந்தான். ஒரு குமிழைத் திருப்பிக் காட்டி, "இதுல வச்சா சீக்கிரமா முடிஞ்சிரும்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிட்டான். அவன் காட்டுனது குயிக் வாஷ். ஒண்ணு ரெண்டு சட்டையை, அழுக்கே இல்லாததை, வேர்வை வாடை போறதுக்கு ஒரு அலசு அலசி எடுக்குறதுக்குன்னு வச்சது. சொர்ணம் என்ன பண்ணுனா தெரியுமா? தன் நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்ச்சு எடுத்து, அந்த இடத்துல பச்சக்னு ஒட்டிட்டா. "இந்தப் பொட்டுலதான் வைக்கணும். வேற பக்கம் எவளாவது திருப்புனா கையை ஒடிச்சுப்புடுவேன்"னு சொல்லிட்டா. எவளாவதுன்னா யாரு? அந்த வீட்டுல வேற எவ இருக்கா? கோமதிதான்.

அப்புறம் கேளு. அந்த வீட்டுல துணி துவைக்குறதுக்கு நாள் பாக்கணும். வெள்ளிக்கிழமை துவைக்கக் கூடாது, லட்சுமி கோவிச்சுக்குவா. செவ்வாக்கிழமை கூடாது. அமாவாசை கூடாது, கார்த்திகை கூடாது. அதுவாச்சும் போகட்டும். வீட்டு ஆளு ஒருத்தர் வெளியூர் கிளம்புன அன்னைக்குத் துணியை நனைக்கவே கூடாதாம். கோமதியோட புருஷன் இசக்கிராஜா என்ன வேலை பாக்குறான்? டூரிஸ்ட் வேன் ஓட்டுறான். கொடைக்கானலுக்குக் கிளம்புவான், வேளாங்கண்ணிக்குக் கிளம்புவான், வந்து குளிச்சுச் சாப்பிட்டு மறுபடி கிளம்புவான். அவன் பொழப்பே கிளம்புறதுதான். அப்போ துணி எப்பத்தான் துவைக்குறது, நீயே சொல்லு.

"ம்."

ம் இல்ல, பதில் சொல்லு. சரி, விடு. எப்பவாச்சும் ஒரு நாள் வாய்க்கும். அந்த ஒரு நாள்ல வீட்டுல இருக்குற அத்தனை துணியும் மெஷினுக்குள்ள போகும். வேன் டயர் மாத்துன கிரீஸ் பேண்டு, மாமனார் வேட்டி, சொர்ணத்தோட சுங்கிடிச் சேலை, போர்வை, துண்டு, வாசல்ல கிடக்குற மிதியடி. மிதியடிம்மா, மிதியடி. இத்தனைக்கும் நடுவுல கோமதியோட பச்சப்புள்ளை வேணியோட கையகலச் சட்டை. கண்ணாடிக் கதவு மூடாது. சொர்ணம் முட்டியை வச்சு ஒரு அழுத்து அழுத்துவா, டப்புனு மூடும். வாளியில துணி ஊறவைக்குற சோப்புத்தூளை ரெண்டு கையாலயும் அள்ளிக் கொட்டுவா. "ஒரே தடவையில முடிஞ்சுது பாத்தியா, எவ்வளவு மிச்சம்"னு பெருமை வேற.

மெஷின் என்ன பண்ணும்? கர்ர்ர்... கடமுட கடமுட... டங்கு டங்குன்னு சுவத்துல போய் முட்டும். யம்மா, மூச்சு முட்டுதே, வயிறு வெடிக்குதேன்னு அழும். சொர்ணத்துக்கு அது அழுகையாத் தெரியலை. "புது மெஷினுல்ல, என்ன வேகம் பாரு"ன்னு காப்பி குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. கால் மணி நேரத்துல டிங் டிங்குனு மணி அடிக்கும். துணி வெளிய வரும். மாமனார் வேட்டிக் கரையில வெள்ளைத் திட்டு, பேண்டுல கிரீஸ் இருந்த இடத்துலயே இருக்கும். மாமனாருன்னு ஒருத்தர் இருந்தாரான்னு கேக்காத. இருந்தாரு, பேப்பருக்குப் பின்னாடி இருந்தாரு.

அப்போ, வேணிக்கு உடம்பு சிவந்துச்சு. சின்னச் சின்னதாத் தடிப்பு. கழுத்தைச் சுத்தி, அக்குள்ல, இடுப்புல. அது பேசவா செய்யும்? ஙே ஙேன்னு அழும். தோள்ல போட்டா அழும், கீழ போட்டா அழும். கோமதி அதை வச்சுக்கிட்டு நடந்துகிட்டே இருப்பா. டாக்டர்கிட்டக் காட்டுனா, ஒரு தைலம் குடுத்தாரு. தடவுனா அடங்கும். துவைச்சு மடிச்ச சட்டையைப் போட்டதும் மறுபடி சிவக்கும். ஏன்னு கோமதிக்குப் புரியலை. சொர்ணத்துக்கு எல்லாம் புரிஞ்சுது. அவளுக்குப் புரியாததுன்னு உலகத்துல ஏதாவது இருக்கா?

முதல்ல, "கண்ணு பட்டுருச்சு"ன்னா. உப்பு, மிளகா, தெருமண்ணு எடுத்துப் பிள்ளையைச் சுத்தி அடுப்புல போட்டா. படபடபடன்னு வெடிச்சுது. வீடே இருமுச்சு. பிள்ளைக்குத் தடிப்பு அப்படியே இருந்துச்சு.

ரெண்டாவது, "தாய் திங்கிறதுதான் பிள்ளைக்கு"ன்னா. கத்திரிக்காய் போச்சு. கருவாடு போச்சு. முட்டை, மீன், மாங்காய், நிலக்கடலை எல்லாம் போச்சு. பால் குடுக்குற பொண்ணு, கொலைப்பசி பசிக்கும் அந்த நேரத்துல, அவளுக்குத் தட்டுல ரசஞ்சோறும் சுட்ட அப்பளமும். கோமதி பிள்ளைக்குச் சரியாப் போனாப் போதும்னு அதையும் தின்னா. பிள்ளைக்குத் தடிப்பு அப்படியே இருந்துச்சு. எனக்கு இதைச் சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது.

தூங்கிட்டியா?

"இல்ல. மூணாவது என்ன?"

மூணாவதுதான் கொடுமை. ஒருநாள் பிள்ளைக்குக் கோமதி பால் குடுத்துக்கிட்டு இருக்கா. சொர்ணம் எதுத்தாப்புல வந்து நின்னுக்கிட்டு, "ஏட்டி, உன் பால்தான் பிள்ளைக்குச் சேரலை. ஞாயித்துக்கிழமையோட நிறுத்திரு. டின் பால் வாங்கியாரச் சொல்லிட்டேன். நான் புட்டியில குடுத்துக்கிடுதேன்"னு சொல்றா. கத்தலை, திட்டலை. காய்கறிக்காரன்கிட்ட நாளைக்கு வெண்டைக்காய் வேண்டாம்னு சொல்ற மாதிரி சொல்லிட்டு உள்ள போயிட்டா.

கோமதிக்குப் பொங்கிக்கிட்டு வந்துச்சு. அழுகைன்னு நினைச்சா. அழுகை இல்ல, கோவம். என் பால் என் பிள்ளைக்கு விஷமா? வேணி அவ முகத்தைப் பாத்துக்கிட்டே, ஒரு கையால அவ தாலிச்சரட்டைப் பிடிச்சுக்கிட்டு, சப்புக் கொட்டிக் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இதை எப்படிடா நிறுத்துறதுன்னு கோமதி அப்படியே உக்காந்திருந்தா.

அப்புறம் மறுநாள். மத்தியானம். நல்ல புழுக்கம். பிள்ளை கழுத்துல வேர்வை. துடைச்சு விடலாம்னு கோமதி துவைச்சு மடிச்சு வச்ச வெள்ளைத்துணி ஒண்ணை எடுத்து மக்குத் தண்ணியில முக்குனா. முக்கிப் பிழிஞ்சா. புளுக். புஸ்ஸுனு நுரை.

என்னடா இதுன்னு இன்னொரு மக்கு எடுத்து அலசுனா. மறுபடி நுரை. தண்ணி அரிசி களைஞ்ச மாதிரி வெள்ளையா ஓடுது. துவைச்ச துணிம்மா அது. காயப்போட்டு, மடிச்சு, பீரோவுல வச்ச துணி. கோமதி பிள்ளையோட சட்டையை எடுத்து முக்குனா, நுரை. தன்னோட நைட்டியை முக்குனா, நுரை. புருஷன் சட்டைக் காலரை முக்குனா, வாளி நிறைய நுரை. அப்பத்தான் அவளுக்குப் பொறி தட்டுச்சு. பிள்ளைக்குக் கன்னத்துல தடிப்பு இல்ல, உள்ளங்கையில இல்ல. துணி எங்க ஒட்டுதோ அங்க மட்டுந்தான் இருக்கு. புருஷன் கழுத்தைச் சொறியுறான். மாமியார் இடுப்பைச் சொறிஞ்சுக்கிட்டு வேர்க்குருன்னு பவுடர் போடுறா. வீடே வறட்டு வறட்டுனு சொறிஞ்சுக்கிட்டு இருக்கு, பழி மட்டும் இவ பால் மேல.

நேரா மெஷின் முன்னாடி போய்ச் சம்மணம் போட்டு உக்காந்தா. குமிழைச் சுத்தி என்னென்னமோ எழுதியிருக்கு. காட்டன்னு இருக்கு. மெல்லிசுத் துணிக்குன்னு ஒண்ணு இருக்கு. பேபி கேர்னு ஒண்ணு, அது பிள்ளைத் துணிக்குன்னே இருக்கு. இன்னொரு தடவை அலசுறதுக்குன்னு தனியா ஒரு பட்டன் இருக்கு. படிக்கத் தெரியாதவளா அவ? பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சவ. ஒரு பொட்டை ஒட்டி வச்சிருக்காங்கன்னு இத்தனை நாள் அந்தப் பக்கம் தலையே திருப்பாம இருந்திருக்கா. மாமியார் மேல இருந்த கோவத்துல பாதி தன் மேலயே திரும்புச்சு. "நீயும் ஒரு மனுஷியா"ன்னு தன்னையே திட்டிக்கிட்டா.

இதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்ல தங்கம். பானையில விளிம்பு வரைக்கும் அரிசியைப் போட்டுட்டுக் களைஞ்சு பாரு. தண்ணி எங்க நிக்கும்? அரிசி எங்க புரளும்? தவிடு எப்படிப் போகும்? அதேதான். துணி உள்ள விழுந்து எழுந்து புரளணும். மேல கையை விட்டா கை தாராளமாப் போகணும். அப்பத்தான் தண்ணி துணிக்குள்ள போயிட்டு சோப்பைக் கூட்டிக்கிட்டு வெளிய வரும். இவங்க வீட்டுல என்ன நடந்துச்சு? திணிச்ச துணியில சோப்பைக் கொட்டி, அவசரமா ஒரு சுத்து சுத்தி, சோப்போடயே காயப்போட்டாங்க. வேர்வை பட்டதும் அது ஊறும், பிள்ளைத் தோலு தாங்குமா?

கோமதி மாமியார்கிட்டப் போனா. "அத்தை, துணியில சோப்பு போகவே இல்ல, இங்க பாருங்க"ன்னு வாளியைக் காட்டுனா. சொர்ணம் வாளியைப் பாக்கலை. "நாங்கல்லாம் சவுக்காரத்துல துவைச்சுத்தான் நாலு பெத்தோம். மெஷினைக் குறை சொல்லாத, உன் உடம்பைப் பாரு"ன்னுட்டா.

அப்புறம் புருஷன்கிட்டப் போனா. "ஏங்க, இந்தத் தண்ணியைப் பாருங்க"ன்னா. அவன் கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டே, "எனக்கு விடிஞ்சா டிரிப்பு இருக்கு கோமதி. அம்மாகிட்ட எதுக்கு வம்பு? டின் பாலும் பால்தானே"ன்னான். டின் பாலும் பால்தானேவாம்.

அப்புறம் மாமனார்கிட்டப் போனா. அவர் பேப்பருக்குப் பின்னாடியிருந்து "ம்"ன்னாரு. உன்னை மாதிரியேதான். ஆனா நீ சின்னப்புள்ளை, உனக்குத் தூக்கம் வருது. அந்த ஆளுக்கு என்ன கேடு?

"ம்... அப்புறம்?"

அப்புறம் வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. இசக்கிராஜா வேனை எடுத்துக்கிட்டுக் கொடைக்கானலுக்குக் கிளம்பிட்டான். வெள்ளிக்கிழமை, அதோட வீட்டு ஆம்பளை வெளியூர் கிளம்புன நாள். கோமதி எந்திரிச்சா. பிள்ளையைத் தொட்டில்ல போட்டா. சேலையை இழுத்துச் சொருகுனா. மெஷின் முன்னாடி போய் நின்னு, நகத்தால சுரண்டி அந்தப் பொட்டைப் பிய்ச்சுச் சன்னல் வழியா விட்டெறிஞ்சா.

பிள்ளைத் துணியை மட்டும் போட்டா. போர்வை இல்ல, பேண்டு இல்ல, மிதியடி இல்ல. பாதி கூட நிரம்பலை. தூள் ஒரே ஒரு சின்னக் கரண்டி. குமிழைத் திருப்புனா, க்ளிக் க்ளிக் க்ளிக். பேபி கேர். இன்னொரு தடவை அலசுற பட்டனையும் அமுக்குனா. தண்ணி ஸ்ஸ்ஸுனு இறங்குச்சு. மெஷின் சளக் புளக், சளக் புளக்குனு சுத்துச்சு. முட்டலை, மோதலை. அப்பாடா, இன்னைக்குத்தான் மூச்சு விடுறேன்னுச்சு.

சத்தம் கேட்டுச் சொர்ணம் ஓடி வந்தா. தலைவிரி கோலமா வந்தா. "அடிப்பாவி, வெள்ளிக்கிழமையுமா, என் பிள்ளை வண்டியில போயிருக்கான், துணியை நனைக்கியே, அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா"ன்னு கத்திக்கிட்டே பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டுனா.

கோமதி குறுக்க வந்து நின்னா. "கையை எடுங்க அத்தை"ன்னா.

"என்னட்டி சொன்ன?"

"கையை எடுங்கன்னேன். என்னைப் பட்டினி போட்டீங்க, பொறுத்துக்கிட்டேன். வீட்டைப் புகைய விட்டீங்க, இருமிக்கிட்டு இருந்தேன். இப்ப என் பாலைக் குறை சொல்றீங்க. இது எங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்த மெஷின். அது நான் பெத்த பிள்ளை. இன்னைக்கு ரெண்டையும் நான்தான் பாத்துக்குவேன். பிளக்கைத் தொட்டீங்கன்னா, பிள்ளையையும் மெஷினையும் தூக்கிக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன். தெருவே வேடிக்கை பாக்கட்டும்."

சொர்ணம் நீட்டுன கையை இழுத்துக்கிட்டா. கோமதி இப்படிப் பேசி அவ பாத்ததே இல்ல. போய் வாசப்படியில உக்காந்து, தெருமுனையையே பாத்துக்கிட்டு, மகன் பேரைச் சொல்லிப் புலம்ப ஆரம்பிச்சா. கோமதிக்கும் பயம் இல்லாம இல்ல. அவளுக்கும் புருஷனாச்சே. ஆனா கையை நிறுத்தலை. பிள்ளைத் துணி முடிஞ்சதும், கிரீஸ் பேண்டும் போர்வையும் தனியாப் போட்டு, காட்டன்ல வச்சு, அதுக்கு வேணுங்குற நேரத்தைக் குடுத்தா. அது முடிஞ்சதும் சொர்ணத்தோட சுங்கிடிச் சேலையை மட்டும் தனியா, மெல்லிசுத் துணிக்குன்னு இருந்ததுல வச்சா. மிதியடியை மெஷின் பக்கமே சேக்கலை. வெளிய கல்லுல போட்டு பிரஷ்ஷால வறட்டு வறட்டுனு தேய்ச்சா. அந்தத் தேய்ப்புல யார் யார் முகம் தெரிஞ்சுதோ, நான் சொல்ல மாட்டேன்.

மத்தியானம் போன் அடிச்சுது. ட்ரிங் ட்ரிங். சொர்ணம் விழுந்தடிச்சு ஓடிப்போய் எடுத்தா. இசக்கிராஜாதான். "வந்து சேந்துட்டேன்மா, வேன்ல வந்த பார்ட்டி ஏரியில படகுல சுத்துது, நான் பிரியாணி சாப்பிடுறேன்"ன்னான். லட்சுமியும் எங்கயும் போகலை. சொர்ணம் போனை வச்சுட்டா. சாயங்காலம் மொட்டை மாடிக் கொடியில அவ சேலை தொங்குச்சு. சாயம் போகலை, சுருங்கலை. தடவிப் பாத்துட்டு, மடிச்சு எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

அப்போ பிள்ளைக்கு என்ன ஆச்சு? கோமதி தைலத்தைத் தடவி, வெயில்ல காஞ்ச சட்டையைப் போட்டுவிட்டா. அன்னைக்கு வேணி அழுகை குறைஞ்சுது. சனிக்கிழமை தடிப்பு அடங்குச்சு, சட்டையை மாத்துன பிறகும் மறுபடி வரலை. ஞாயித்துக்கிழமை காலையில சொர்ணம் டின்னும் புட்டியுமா வந்து நின்னா. கோமதி பிள்ளையோட சட்டையைத் தூக்கிக் காட்டுனா. சிவப்பு வெளிறிப்போய், தோலு பழையபடி தெரிஞ்சுது. "பால் மாத்தலை அத்தை. நான் நேத்துக் கத்திரிக்காய்க் குழம்பும் தின்னேன்"ன்னா. சொல்லிட்டு, மாமியார் கண்ணு முன்னாடியே பிள்ளையை மடியில போட்டுப் பால் குடுத்தா. சொர்ணம் டின்னை அடுப்படியில வச்சுட்டுப் போயிட்டா.

மன்னிப்புக் கேட்டாளான்னு பாக்குறியா? கேப்பா, கேப்பா. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பொம்பளைகளை வாசல்ல உக்கார வச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "எல்லாம் கண்ணு. நான் சுத்திப் போட்டேன் பாருங்க, அதுலதான் பிள்ளை பொழைச்சுது"ன்னா. அந்த நேரம் பாத்துக் கோமதி துணிக்கூடையோட மாடியிலேர்ந்து இறங்குறா. காதுல விழுந்துருச்சு. கேக்காத மாதிரி உள்ள போயிருக்கலாம். நிறைய பேரு அப்படித்தான் போவாங்க. பெரியவங்க, போகட்டும்னு விட்டுருவாங்க. அவ போகலை. கூடையைக் கீழ வச்சா.

"கண்ணும் இல்ல, என் பாலும் இல்ல. துணியில தங்குன சோப்பு. மெஷின்ல திணிச்சது இவுக, பழி சுமந்தது நானு. உங்க வீட்டுப் பிள்ளைக்கும் தடிப்பு இருந்தா, தாயைப் பட்டினி போடுறதுக்கு முன்னாடி துணியைத் தண்ணியில முக்கிப் பாருங்க"ன்னா.

பொம்பளைக எல்லாம் சொர்ணத்தைப் பாத்தாங்க. சொர்ணம் இடுப்பைச் சொறியப் போய், கையை இறக்கிக்கிட்டா. "ஒரு பேச்சுக்குச் சொன்னா எப்படி எரிஞ்சு விழுறா பாருங்க"ன்னு முனங்குனா. கோமதி கூடையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயி, டமால்னு கதவைச் சாத்துனா. உக்காந்து வேணியை எடுத்து மடியில போட்டா.

"பெரியம்மா."

என்னம்மா.

"கோமதிக்குக் கோவம் போயிருச்சா?"

போகலை. எதுக்குப் போகணும்? யாராவது வந்து தப்புன்னு சொன்னாங்களா, போறதுக்கு? கோவத்தோடயேதான் பால் குடுத்தா. வேணி அது பாட்டுக்குக் குடிச்சுட்டு, வாயோரம் பால் வழிய, அம்மா மடியிலயே தூங்கிப்போச்சு. ராத்திரி பூரா ஒரு தடவை கூடச் சொறியலை. அம்மா கோவமா இருந்தா பிள்ளை தூங்காதா என்ன? நல்லாத் தூங்கும். கதை இவ்வளவுதான், கண்ணை மூடு.